பானையிலிருந்து பெட்டிக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் கூடிக் கேட்ட பாட்டெல்லாம் ஒரு காலத்தில் மைக் செட் வழியாகத்தான் வந்தது. அங்குள்ள பண்ணைப்புரத்தில் 1943-ல் பிறந்த இளையராஜா, சினிமாவுக்கு வெகுகாலம் முன்பே அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடியவர். அந்த நாளில் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது வால்வு ஆம்ப்ளிஃபையர். கண்ணாடிக் குழல்கள் சூடேறிச் சிவந்த பிறகுதான் சத்தம் வரும். உள்ளே சில நூறு வோல்ட் ஓடும். தூக்கினால் இடுப்பு வலிக்கும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக்கு எடுப்பார்கள். சாதாரண வீட்டில் யாரும் அதை வாங்கி வைத்ததில்லை, தானாகச் செய்து பார்க்கத் துணிந்தவரும் அரிது.

அந்தத் துணிச்சலைக் கொடுத்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அது பிறந்தது. ஆனால் பிறந்த கையோடு ஆம்ப்ளிஃபையர் ஆகிவிடவில்லை. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்பீக்கரை முன்னே தள்ள ஒரு பவர் டிரான்சிஸ்டர், பின்னே இழுக்க அதற்கு நேரெதிர் வகையில் இன்னொன்று என்று ஜோடியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு வகைதான் தாராளமாகக் கிடைத்தது. அதற்கு ஏற்ற ஜோடி கிடைக்கவில்லை. ஷாங்காயில் பிறந்து அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் வேலை பார்த்த ஹங் சாங் லின் 1956-ல் இதற்கு வழி கண்டார். பெரிய டிரான்சிஸ்டர் இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும், அவற்றை ஓட்டும் சிறியவை மட்டும் எதிரெதிர் வகையாக இருந்தால் போதும் என்று ஒரு சர்க்யூட் போட்டார். வால்வு செட்டின் கனத்துக்கு ஒரு காரணமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் அதோடு தேவையற்றுப் போனது. கிடைக்காத பொருளுக்காகக் காத்திராமல் கிடைத்ததை வைத்து வேலையை முடித்த அந்த யோசனை, பின்னால் நம் ஊர் பட்டறைகளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது.

1960-களின் தொடக்கத்தில் அதே ஆர்.சி.ஏ. கொண்டுவந்த சிலிக்கான் டிரான்சிஸ்டர்தான் 3055. உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் தொப்பி. 60 வோல்ட், 15 ஆம்பியர், 115 வாட் வரை தாங்கும். முந்தைய ஜெர்மானியம் வகை சூடு ஏற ஏறத் தானே கரண்ட்டை அதிகமாக இழுத்துக் கருகும். இது அந்தச் சூட்டைப் பொறுத்துக்கொண்டது. இதை ஓட்டுவதற்கு எஸ்.எல்.100, எஸ்.கே.100 என்ற சிறிய எதிரெதிர் ஜோடி இருந்தது. இரண்டு 3055, ஒரு எஸ்.எல்.100, ஒரு எஸ்.கே.100, ஒரு பவர் டிரான்ஸ்ஃபார்மர், சில சில்லறைப் பாகங்கள் இருந்தால் லின் போட்ட சர்க்யூட் தேனியிலும் போடியிலும் ஒரு மர மேஜை மேல் உயிர் பெற்றுவிடும்.

உயிர் பெறும் அந்த நேரத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். 3055-ன் உலோக உடம்பே அதன் கலெக்டர். அதை அலுமினிய ஹீட் சிங்கில் அப்படியே முடுக்கினால் ஷார்ட். நடுவே கண்ணாடிபோல் மெல்லிய மைக்கா தகடு வைத்து, இரு பக்கமும் வெள்ளைப் பசை தடவி, ஸ்க்ரூவுக்கும் பிளாஸ்டிக் வளையம் போட்டு இறுக்குவார்கள். பிறகு மீட்டரை வைத்து உடம்புக்கும் சிங்குக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முள் அசைந்தால் கழற்றி மறுபடி முதலிலிருந்து. எல்லாம் சரியென்று பட்டாலும் நேராக மெயினில் போட மாட்டார்கள். 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் கோத்துத்தான் முதல் சுவிட்ச். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது, செட் நலம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். விலை கொடுத்து வாங்கிய 3055 மட்டும் தப்பித்தது. இதைவிட மலிவான காவலாளியை எந்த ஆய்வகமும் செய்து தந்ததில்லை.

ஆனால் சர்க்யூட் வெளியிலிருந்து வந்தது. இந்த மண்ணில் பிறந்தது ஸ்பீக்கரைத் தாங்கிய அதன் உடம்பு. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னே காற்றைத் தள்ளும்போதே பின்னே உறிஞ்சும். தாழ்ந்த சுரங்களில் இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வெறும் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காததற்குக் காரணம் இதுதான். கேபினெட் வாங்கக் காசில்லாதவர்கள் ஸ்பீக்கரை மண்பானை வாயில் கவிழ்த்தார்கள். டேப் ரெக்கார்டர் காலத்து டீக்கடையிலும் சலூனிலும் பானை ஸ்பீக்கரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த முழக்கம் இன்னும் நெஞ்சில் இருக்கும். சுட்ட மண் விறைப்பானது, அதிராது. உருண்டை வயிற்றில் எதிரெதிரே இணையான தட்டைச் சுவர் கிடையாது. பின்பக்கக் காற்று உள்ளேயே அடங்கிவிடும். ஒரே குறை, பானைக்கென்று ஒரு சுரம் உண்டு. பாட்டு அந்தச் சுரத்துக்கு வந்தால் மட்டும் அளவுக்கு மீறி முழங்கும்.

இங்கே பேஸுக்கு ஏன் இத்தனை ஏக்கம்? எனக்குத் தோன்றுவது இது. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபின் பக்கத்து ஊர்ப் பிள்ளை இளையராஜாவின் பாட்டு எல்லா வீட்டுக்கும் வந்தது. அந்தப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் வெறும் தாளத் துணையாக நிற்காமல் தனக்கென ஒரு மெட்டோடு நடந்தது. டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரின் சின்ன ஸ்பீக்கரில் அது காதுக்கே எட்டாது. பாட்டில் ஒன்று விட்டுப்போகிறது என்று உணர்ந்தவன்தான் சாலிடரிங் அயர்னைக் கையில் எடுத்தான். 1990-களில் கொடைக்கானல் மலை மேலிருந்து 100.5-ல் கோடைப் பண்பலை பள்ளத்தாக்கு முழுக்கத் தெளிவாக இறங்கியபோது, கேசட் வாங்கக் காசில்லாதவனுக்கும் நல்ல ஒலி கைக்கு எட்டியது.

பிளைவுட் பெட்டி அப்படித்தான் வந்தது. காற்றுப் போக்குக்குத் துளை விட்ட பெட்டியை பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் 1932-லேயே காப்புரிமை ஆக்கியிருந்தார். அதன் கணக்கை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-ல் எழுதினார். நம் மெக்கானிக் அந்தக் கணக்கைப் படிக்கவில்லை. பி.வி.சி. பைப்பை வேண்டுமென்றே நீளமாக வெட்டிச் செருகி, கேட்டுப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக் குறைத்தார். பைப் நீளமானால் முழக்கம் தாழும், குறுகினால் ஏறும். தீல் சூத்திரம் சொல்வதும் அதையேதான்.

பிறகு 4440 வந்தது. சான்யோவின் 14 கால் ஐ.சி.; 12 வோல்ட் பேட்டரி போதும். குமுளிக்கும் போடிமெட்டுக்கும் ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்புக்கு வேறென்ன வேண்டும்? போர்டு வாங்கி ஒயரை மாட்டினால் பாட்டு. இந்த எளிமையோடு ஒரு பொய்யும் சேர்ந்து வந்தது: 1000 வாட்ஸ் என்று முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கர். 12 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சேனலில் உண்மையாகக் கிடைப்பது சுமார் ஐந்து வாட். இரண்டு சேனலையும் பிரிட்ஜ் போட்டாலும் இருபது வாட்டைத் தொடாது. வோல்ட்டைத் தன்னோடே பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் எட்டு மடங்கால் வகுத்தால் வீட்டிலேயே ஒரு சேனலின் கணக்கைப் போட்டுவிடலாம். ஸ்டிக்கரை நம்பிப் பணம் கொடுத்த எத்தனையோ பையன்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம்.

இன்று 5200, 1943 என்ற எதிரெதிர் டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு ரெடிமேடாகவே வருகிறது. லினுக்குக் கிடைக்காத எதிர்வகை டிரான்சிஸ்டர் இப்போது கடைக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது. அதிகம் சூடேறாத கிளாஸ் டி போர்டுகளும் வந்துவிட்டன. சர்க்யூட்டில் கை வைக்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஆனால் ஹம் என்னும் முனகல் மட்டும் இன்னும் ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்தான் பிறக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரை இன்புட்டுக்குப் பக்கத்தில் வைத்தவன், எல்லா எர்த்தையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவராதவன், எந்த போர்டை வாங்கினாலும் அந்த "ம்ம்ம்" அவனை விடாது. அதற்கு டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வால்யூமை முழுக்க வைத்து, ஹம் குறையும் திசை வரும்வரை மெல்லத் திருப்பிப் பார்த்து, அங்கேயே முடுக்க வேண்டும். ரெடிமேட் போர்டோடு இந்த வேலை வருவதில்லை.