ஒரு சொல்லில் தங்கிய உரிமை: குவைத் பெண்களின் வாக்குரிமை வரலாறு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

குவைத் என்றவுடன் நம் குடும்பங்களில் பலருக்கு அங்கே உழைக்கச் சென்ற உறவினரே நினைவுக்கு வருவர். அந்நாட்டின் சட்ட வரலாற்றிலும் நாம் அறிய வேண்டிய பாடம் ஒன்று உண்டு.

1962 நவம்பரில் குவைத்தின் அரசியலமைப்புச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மனிதர் யாவரும் கண்ணியத்தில் சமமானவர்கள் என்றும், ‘ஜின்ஸ்’, பூர்வீகம், மொழி, மார்க்கம் ஆகியவற்றின் பெயரால் அவர்களிடையே பாகுபாடு கூடாது என்றும் அதன் 29ஆவது பிரிவு கூறுகிறது. அரபியில் ‘ஜின்ஸ்’ என்னும் சொல் இனத்தையும் குறிக்கும். ஆண், பெண் என்னும் பாலையும் குறிக்கும். பால் என்று பொருள் கொண்டால், பெண்ணுக்கு வாக்குரிமையை மறுக்க இடமே இல்லை. ஆயினும் 80ஆவது பிரிவு, தேர்தலை நடத்தும் விதிகளைத் தேர்தல் சட்டத்தின் பொறுப்பில் விட்டது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டமோ, வாக்காளர் ஆணாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தது. மூலச் சட்டம் திறந்து வைத்த வாசலைக் கிளைச் சட்டம் அடைத்துவிட்டது.

1999 மே மாதம் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டிருந்த வேளையில், அமீர் ஷேக் ஜாபிர் அல்அஹ்மத் அஸ்ஸபாஹ் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கி ஆணை பிறப்பித்தார். புதிய நாடாளுமன்றம் நவம்பரில் அதனை நிராகரித்தது. அதே நோக்கத்துடன் வந்த மசோதாவும் 30க்கு 32 என்ற வாக்குகளில் தோற்றது. பெண்கள் நீதிமன்றத்தை நாடினர். 2000ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் நடைமுறைக் காரணங்களால் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2005 மே 16 அன்று, 35 பேர் ஆதரிக்க, 23 பேர் எதிர்க்க, சட்டம் திருத்தப்பட்டது.

எனினும் திருத்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பெண்கள் ஷரீஅத்தின் நெறிகளைப் பேண வேண்டும். 2009 மே மாதம் மஃஸூமா அல்முபாரக், அஸீல் அல்அவதி, ரூலா தஷ்தி, ஸல்வா அல்ஜஸ்ஸார் ஆகிய நால்வர் உறுப்பினராயினர். அவர்களுள் இருவர் தலையை மறைக்கவில்லை என்று வழக்கு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் நீதிமன்றம் அவ்வழக்கை ஏற்க மறுத்தது. ஹிஜாப் கடமை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி வேறு: தெளிவாக வரையறுக்கப்படாத ஒரு சொற்றொடரைக் கொண்டு ஒருவரின் உறுப்பினர் பதவியைப் பறிக்கலாமா என்பதே அது.

மார்க்கம் பெண்ணின் பொதுவாழ்வை மறுத்ததா? இரண்டாம் அகபா உடன்படிக்கையில் நுஸைபா பின்த் கஅப் (ரலி) அவர்களும் மற்றொரு பெண்மணியும் பங்கேற்றனர். பெண்களிடம் பைஅத் பெறுமாறு நபி (ஸல்) அவர்களுக்கு அல்லாஹ் கட்டளையிட்டதை ஸூரா அல்மும்தஹினாவின் 12ஆவது வசனத்தில் காண்கிறோம். பைஅத்தும் வாக்களிப்பும் ஒன்றல்ல. ஆயினும் பெண் தன் பெயரில், தன் பொறுப்பில் உறுதிமொழி அளித்தாள் என்பது தெளிவு.

2024 மே மாதம் குவைத் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு, அரசியலமைப்பின் சில பிரிவுகள் நான்கு ஆண்டுகள் வரை நிறுத்தி வைக்கப்பட்டன. ஆண், பெண் இருபாலரின் வாக்கும் இன்று காத்திருக்கிறது.

நம் நாட்டில் நிலை வேறு. வயது வந்தோர் வாக்குரிமையை 326ஆவது பிரிவு அரசியலமைப்பிலேயே பதித்துள்ளது; சாதாரணச் சட்டத்தால் அதனை நீக்க இயலாது. ஆயினும் முதல் பொதுத் தேர்தலின்போது, தம் பெயரைக் கூறாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். சட்டத்தில் உரிமை இருந்தது. பட்டியலில் பெயர் இல்லை.

ஆகவே, நம் வீட்டுப் பெண்களின் பெயர் பட்டியலில் பிழையின்றி உள்ளதா என்று பார்ப்பது நம் கடமை. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைப்போராக நம்மை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.