கிடங்கும் ஆலையும்: ‘ஃபாக்டரி’ என்னும் சொல்லின் பொருள் வரலாறு

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ‘மூஸ் ஃபாக்டரி’ என்றொரு ஊர் உண்டு. அந்தப் பெயருக்குக் காரணம் ஆலை அல்ல. விலங்குத் தோல் வாங்குவதற்காக ஹட்சன் விரிகுடாக் கும்பினி 1673இல் அங்கே அமைத்த வணிக நிலையம். போர்த்துகலின் போர்த்தோ நகரில் 1790இல் கட்டி முடிக்கப்பட்ட ‘ஃபாக்டரி ஹவுஸ்’ ஆங்கிலேய மது வணிகர்கள் கூடிய மாளிகை. 1856இல் எரிந்துபோன காண்டனின் ‘பதின்மூன்று ஃபாக்டரிகள்’ அயல்நாட்டு வணிகர் தங்கிய வீடுகளும் சரக்கறைகளுமே. ஒரு காலத்தில் வணிக நிலையத்தைக் குறித்த சொல், தொழிற்புரட்சிக்குப் பின் ஆலையைக் குறிக்கத் தொடங்கியது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுவது வழக்கம். அந்த விளக்கம் போதாது. பழைய பொருளுக்கும் புதிய பொருளுக்கும் இடையே ஓடும் இழை ஒன்று உண்டு. பிறருடைய முதலைக் கையில் வைத்துக்கொண்டு, பலருடைய உழைப்பை ஓரிடத்திலிருந்து திரட்டும் ஏற்பாடே அது. சென்னைக் கடற்கரையின் வரலாறு இதற்கு வலுவான சான்று தருகிறது.

‘ஃபாக்டர்’ என்பதற்குச் ‘செய்பவர்’ என்பது இலத்தீன் வேர்ப்பொருள். வணிகத்தில் அது இன்னொருவருக்காகக் காரியம் செய்பவரை, அதாவது முகவரைக் குறித்தது. ஸ்காட்லாந்தில் பண்ணை நிலங்களை நிர்வகிப்பவருக்கும் இதுவே பெயர். கணிதத்திலும் காரண விளக்கத்திலும் நாம் ‘காரணி’ என்று வழங்கும் பொருள்கள் இதே வேரின் தனிக் கிளைகள். அவை இங்கே நமக்குத் தேவையில்லை. முகவர் இருக்கும் இடம் ‘ஃபாக்டரி’. போர்த்துகீசியர் அதை ‘ஃபெய்த்தோரியா’ என்றனர். 1611இல் மசூலிப்பட்டினத்தில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி தொடங்கியது இத்தகைய ஒன்றைத்தான். 1639இல் சென்னையில் இடம் பெற்றுத் தந்த பிரான்சிஸ் டே அக்கும்பினியின் ஒரு ‘ஃபாக்டர்’. பின்னாளில் அது பணிநிலையின் பெயராகவும் உறுதிப்பட்டது: எழுத்தராகச் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் ஃபாக்டர் ஆவார், பிறகு இளநிலை வணிகர், அதன்பின் முதுநிலை வணிகர். 1672இல் எழுத்தராகச் சென்னைக்கு வந்து 1687இல் ஆளுநரான எலிஹு யேல் இந்த ஏணியில் ஏறியவரே. ஆகவே வில்லியம் ஃபாஸ்டர் 1906 முதல் தொகுத்து வெளியிட்ட ‘இந்தியாவில் ஆங்கிலேய ஃபாக்டரிகள்’ வரிசையைத் ‘தொழிற்சாலைகள்’ என்று பெயர்த்தால் பொருள் பிழைத்துவிடும். ‘பண்டகசாலை’ என்ற பழைய வழக்கே பொருத்தம்.

ஆனால் பண்டகசாலை என்ற பெயரோடு நின்றுவிட்டால், உள்ளே நடந்த வேலையில் பாதி மறைந்துபோகும். கும்பினி சந்தைக்குப் போய், கிடைத்த துணியை வாங்கி வரவில்லை. ஐரோப்பாவில் எது விலைபோகும் என்று இலண்டனிலிருந்து வரும் பட்டியலை வைத்துக்கொண்டு, காசி வீரண்ணா போன்ற பெருவணிகர்களோடு ஒப்பந்தம் செய்தது. முன்பணம் அவர்கள் வழியாகக் கீழிறங்கித் தறிவரை போனது. கப்பல் வருவதற்கு முன் துணி கும்பினியின் சென்னைக் கோட்டைக்கு வந்து சேரும். அங்கே ஒவ்வொரு துண்டையும் விரித்து நீளம், அகலம், இழை நெருக்கம் ஆகியவற்றை மாதிரித் துணியோடு ஒப்பிடுவார்கள். முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். தேறாததைத் திருப்பி அனுப்புவார்கள். தேறியது வெளுக்கப் போகும். வண்ணாரப்பேட்டை என்ற பெயரே அந்த வேலையின் தடம். நெசவாளர் கோட்டைக்குத் தொலைவில் சிதறியிருப்பது இடைஞ்சல் என்று கண்டதும் அவர்களை அருகே குடியேற்றினார்கள். ஆளுநர் ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டையும், 1730களில் சிந்தாதிரிப்பேட்டையும் அப்படி எழுந்தவை. தறி நெசவாளருடையது, கூரையும் அவருடையது. ஆனால் எதை, எந்த அளவில், எப்போது நெய்ய வேண்டும் என்பது அவருடைய முடிவு அல்ல. இவ்வளவையும் ‘வணிகம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட முடியாது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். பொருள் செய்யும் கூடம் என்ற பொருளும் ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. எண்ணெய் ஆட்டும் இடத்தைக் குறித்த ‘ஃபாக்டோரியம்’ என்ற இலத்தீன் சொல்லும் உண்டு. எனவே ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் தனித்தனியே பிறந்தன, இழை எதுவும் தேவையில்லை என்பது முதல் மறுப்பு. ‘மேனுஃபாக்டரி’ என்ற நீண்ட சொல்லின் குறுக்கமே இது என்பது இரண்டாவது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் இவை சொல்லின் பிறப்பை விளக்குகின்றனவே தவிர, அதன் வெற்றியை விளக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டில் மேத்யூ போல்டன் பர்மிங்காம் அருகே கட்டிய சோஹோ, ‘மேனுஃபாக்டரி’ என்றே புகழ்பெற்றது. ஆர்க்ரைட் 1771இல் குரோம்ஃபோர்டில் தொடங்கிய நூற்பாலை, ‘மில்’ என்றே அழைக்கப்பட்டது. போட்டியில் வேறு சொற்கள் இருந்தும் ‘ஃபாக்டரி’ ஏன் நிலைத்தது என்பதுதான் கேள்வி.

விடையின் ஒரு பகுதி வங்காளத்தின் அவுரித் தோட்டங்களில் கிடைக்கிறது. அங்கே வங்காள மொழியில் கும்பினியின் பண்டகசாலையும் ‘குடி’தான், நீலச்சாயம் காய்ச்சும் இடமும் ‘நீல்குடி’தான். ஆங்கிலேயர் இரண்டையும் ‘ஃபாக்டரி’ என்றே எழுதினர். நீல்குடியின் ஐரோப்பிய முதலாளி உழவர்களுக்கு முன்பணம் கொடுத்து அவுரி பயிரிட வைப்பார். அறுத்த செடி வண்டிகளில் குடிக்கு வரும். தொட்டியில் ஊறவைத்து, நீரை அடித்துக் கலக்கி, அடியில் படியும் சாயத்தைக் காய்ச்சிப் பிழிந்து கட்டிகளாக வெட்டுவார்கள். முன்பணத்தால் உழைப்பைக் கட்டிவைக்கும் முகவர் நிலையமும், பொருள் செய்யும் கூடமும் ஒரே வளாகத்தில் ஒரே பெயரில் இயங்கின. இங்கே சொல் ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவில்லை. இரண்டு பொருளையும் ஒருசேரத் தாங்கி நின்றது. 1859இல் உழவர்கள் கிளர்ந்தெழுந்ததும் சாயத் தொட்டியை எதிர்த்து அல்ல. முன்பணக் கட்டை எதிர்த்தே.

விடையின் மறுபகுதி சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கிழக்கிந்தியக் கும்பினியின் வணிகத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. அத்தோடு இந்தியாவில் பழைய ஃபாக்டரிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதே ஆண்டில் அதே நாடாளுமன்றம் இயற்றிய ஆலைச் சட்டம், நீராவியாலோ நீரின் விசையாலோ இயங்கும் நூல், துணி ஆலைகளில் குழந்தைகளின் வேலை நேரத்தை வரையறுத்தது. ஆய்வாளர் நால்வரை அமர்த்தியது. இரண்டு சட்டங்களும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயலே. ஆயினும் சொல்லின் வரலாற்றில் அதுவே திருப்பம். ஆய்வாளர் எந்தக் கட்டடத்துக்குள் நுழையலாம் என்று சொல்ல வேண்டியிருந்ததால், சட்டத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் தேவைப்பட்டது. இயந்திர விசை அந்த அடையாளம் ஆயிற்று. ஈராண்டு கழித்து ஆண்ட்ரூ யூர் எழுதிய நூல், ஒரே விசையால் தொடர்ந்து இயங்கும் இயந்திரத் தொகுதி இருந்தால்தான் ஃபாக்டரி என்று வரையறுத்து, இரும்பு ஆலைகளையும் சோப்பு ஆலைகளையும்கூட வெளியே தள்ளியது. யாருடைய முதல், யாருக்காக யார் வேலை வாங்குகிறார்கள் என்ற பழைய கேள்வி வரையறையிலிருந்து நழுவியது. இது பெரிய இழப்பு என்றே கருதுகிறேன்.

நழுவியது வரையறையிலிருந்துதான், நடைமுறையிலிருந்து அல்ல. சென்னையில் பக்கிங்ஹாம் ஆலை 1876இலும் கர்னாடிக் ஆலை 1881இலும் தோன்றின. இரண்டையும் நடத்திய பின்னி, முகவாண்மை வணிகத்தில் வளர்ந்த நிறுவனம். பங்குதாரர்களின் முதலை அவர்கள் சார்பில் நிர்வகிக்கும் ‘மேனேஜிங் ஏஜென்சி’ முறை 1970 வரை இந்தியச் சட்டத்தில் நீடித்தது. பழைய ஃபாக்டரின் வேலை புதிய ஃபாக்டரியின் அலுவலகத்திலேயே தொடர்ந்தது என்று சொல்வது மிகையல்ல. சட்டமோ தலைகளை எண்ணிக்கொண்டிருந்தது: விசையால் இயங்கும் இடத்தில் 1881இல் 100 பேர், 1891இல் 50 பேர், 1922இல் 20 பேர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் விசை இருந்தால் 10 பேர், இல்லாவிட்டால் 20 பேர்.

அந்த எண்ணிக்கைக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தால் சொல்லின் பழைய பொருள் எங்கே போயிற்று என்பது விளங்கும். திருநெல்வேலி வட்டாரத்தில் பீடி சுற்றும் பெண்கள் கம்பெனி தரும் இலையையும் தூளையும் பீடிக் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து சுற்றுகிறார்கள். சுற்றியதைத் திரும்பக் கொண்டுபோகும்போது கடையில் தரம் பார்க்கிறார்கள், தேறாததைக் கழிக்கிறார்கள். காலடிப்பேட்டை நெசவாளரின் துணி கோட்டையில் பட்ட பாடும் இதுவே. விசையும் இல்லை, இருபது பேர் ஒரு கூரையின்கீழும் இல்லை என்பதால் அந்த வீடு ஆலைச் சட்டத்தின்படி ஃபாக்டரி ஆகவில்லை. வீட்டில் சுற்றுபவரும் தொழிலாளியே, இடைத்தரகர் வழியாக வேலை கொடுத்தாலும் கம்பெனி முதலாளியே என்று ஏற்க 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கெனத் தனிச்சட்டம் வேண்டியிருந்தது.