பெத்தப்பள்ளிப் பாறையும் தங்கவயல் மக்களும்: ஓர் எரிமலைச் சின்னத்தின் மதிப்பு

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், ஊரிகம் ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும், தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டுக்கு வழி சொல்வார்கள். பெத்தப்பள்ளி எரிமலைப் பாறைக்கு வழி கேட்டால் தயங்குவார்கள். அந்தப் பாறையையோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. இந்தத் தயக்கத்துக்கு விளம்பரக் குறைவைக் காரணம் சொல்வது போதாது. பாறையின் கதையையும் அதைக் குடைந்தவர்களின் கதையையும் நாம் பிரித்து வைத்துவிட்டோம். அவற்றைச் சேர்க்காதவரை இச்சின்னத்தால் பண்பாட்டுப் பயனோ பொருளாதாரப் பயனோ வராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பாறையைப் பார்ப்போம். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே நீருக்கடியில் எரிமலைக் குழம்பு பிதுங்கியது. தண்ணீர் பட்டதும் அதன் மேல்தோல் இறுகியது. உள்ளே கொதித்த குழம்பு அந்தத் தோலைக் கிழித்து அடுத்த உருண்டையாக வழிந்தது. இப்படிக் குவிந்ததைத் தலையணை லாவா என்கிறார்கள். எனக்கு அது அடுக்கிவைத்த நெல்மூட்டைகளாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு மூட்டையின் தலையும் மேலே குவிந்திருக்கும், அடிப்பகுதி கீழிருக்கும் இரண்டு மூட்டைகளின் இடுக்கில் வால்போல் இறங்கியிருக்கும். நிலம் புரண்டு கிடந்தாலும் அந்த வாலை வைத்தே எது மேல், எது கீழ் என்று புவியியலாளர் சொல்லிவிடுவார். கூடவே எரிமலை வெடித்துச் சிதறிய கற்களும் சாம்பலும் ஒட்டி இறுகிய பாறையும் இருக்கிறது.

இந்த லாவா பின்னாளில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிக் கரும்பாறைப் பட்டையாயிற்று. ஆழத்திலிருந்து ஏறிய சூடான நீர்மங்கள் அதன் வெடிப்புகளில் வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்புகளை உண்டாக்கி, அவற்றில் பொன்னைப் படியவைத்தன. தங்கவயலின் சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கி.மீ.க்கும் அதிக ஆழத்துக்குப் போனது இந்த நரம்பைத் தேடித்தான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. இனி யாரும் உள்ளே இறங்கிப் பார்க்க முடியாது. அப்படியென்றால் தாத்தாவும் அப்பாவும் எந்தப் பாறையோடு மல்லுக்கட்டினார்கள் என்பதைப் பகல் வெளிச்சத்தில் கையால் தொட்டுப் பார்க்க மிஞ்சியிருப்பது தரைமட்டத்தில் தலைகாட்டும் இந்தப் பட்டைதான். பெத்தப்பள்ளியின் தனி மதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பேன்.

தேசியச் சின்னம் என்ற பட்டம் மட்டும் ஆள் சேர்க்காது என்பதற்குக் கர்நாடகத்திலேயே சான்று உண்டு. உடுப்பிக்கு அருகே செயின்ட் மேரீஸ் தீவின் அறுகோண எரிமலைத் தூண்களும் இதே பட்டம் பெற்றவை. அங்கே கூட்டம் வருவது கடலுக்கும் படகுக்கும், தூண்கள் உபரி. பெத்தப்பள்ளியில் கடல் கிடையாது. ஆனால் மனிதர்கள் இருக்கிறார்கள். தென்கொரியாவின் ஜெஜு தீவை இங்கே நினைத்துப் பார்க்கலாம். அதன் எரிமலை நிலமும் லாவாக் குகைகளும் 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே மூச்சடக்கிக் கடலில் மூழ்கும் பெண்களின் பண்பாட்டையும் 2016இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது. ஜெஜுவுக்குப் போகிறவர் பாறையையும் உழைப்பையும் ஒரே பயணத்தில் காண்கிறார்.

நம்மிடம் இருக்கும் உழைப்பின் கதை அதற்குக் குறைந்ததா? 1880களில் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்க நிறுவனம் வந்தபின் வடாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் சாரைசாரையாக இங்கே வந்தன. சுரங்கத்துக்காக 1902இல் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்கள் அதற்குப் பிறகே விளக்கைக் கண்டன. கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேரூன்றியது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை 1926 முதல் அவர் வழிவந்த அப்பாதுரையார் இங்கிருந்தே மீண்டும் கொண்டுவந்தார். 1965இல் சாம்பியன் ரீப்பின் ஆழத்தில் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தார்கள். மேலே இருந்த பாறையின் கனமே பிற கதிர்களை வடிகட்டியது. இத்தனைக்கும் அடித்தளம் அந்தக் கரும்பாறைதான்.

பொருளாதாரக் கணக்கு நுழைவுச்சீட்டில் நிற்கக் கூடாது. தங்கவயல்காரர்கள் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயிலில் தொற்றிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். சுரங்கம் மூடியபின் ஊரின் வாழ்க்கை இந்தத் தண்டவாளத்தில் ஓடுகிறது. எதிர்த்திசையில் பத்துப் பார்வையாளர் வந்தாலும், அவர்கள் கொடுக்கும் பணம் வழிகாட்டிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் ஆட்டோக்காரருக்கும் போய்ச்சேர வேண்டும். பெங்களூரிலிருந்து வேனில் வந்து, படம் எடுத்து, அன்றே திரும்பும் சுற்றுலாவால் ஊருக்குக் குப்பைதான் மிஞ்சும்.

ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். காற்றடித்தால் சயனைடு மேட்டிலிருந்து புழுதி எழுந்து வீடுகளுக்குள் படிகிற ஊரில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒழுகும் கூரைக்குக் கீழே மக்கள் இருக்கும்போது சுற்றுலா பேசுவது தகுமா? தகும், ஆனால் வரிசை மாறக் கூடாது. மேட்டுப் புழுதியைக் கட்டுப்படுத்துவதும் வீட்டுக்குப் பட்டா தருவதும் சுற்றுலாத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செலவுகள். பாறைத்தூசி தரும் சிலிகோசிஸ் நோயால் நுரையீரல் கெட்டவரின் தெருவைக் காட்சிப்பொருளாக்கும் திட்டத்தை நான் எதிர்ப்பேன்.

பாறைக்கும் காவல் தேவை. தேசியப் புவியியல் சின்னம் என்ற அறிவிப்புக்குத் தொல்லியல் சின்னங்களுக்குள்ள சட்டபலம் இல்லை. சுரங்க அமைச்சகம் 2022இல் புவிப் பாரம்பரிய இடங்களுக்கான வரைவு மசோதாவை வெளியிட்டது. அதன் உணர்வோடு ஊராட்சியும் பள்ளிகளும் காவலில் பங்கேற்றால்தான் கல் உடைபடாமல் தப்பும்.

வழிகாட்டிகளை வெளியே தேட வேண்டியதில்லை. சுரங்கச் சுவரைத் தட்டி ஓசையைக் கேட்டே பாறை வெடிக்குமா, தாங்குமா என்று கணித்த கைகள் இன்னும் இவ்வூரில் இருக்கின்றன. சுரங்கம் மூடியபோது முப்பது வயதிருந்தவருக்கு இப்போது ஐம்பத்தைந்தை ஒட்டியிருக்கும். மூத்தவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களைப் பெத்தப்பள்ளிக்கு அழைத்துச் சென்று, அந்த மூட்டைப் பாறையின் முன் நிறுத்தி, அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்வதற்கு எந்த நிதி ஒதுக்கீட்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஒரு செல்போன் போதும்.