உழைக்கும் அன்னையர்க்கு ஓய்வு

தாயைத் தெய்வத்துக்கு முன்னே வைத்துப் போற்றும் மரபு நம்முடையது. எனினும், வயிற்றுப்பாட்டுக்காக ஆலைக்கும் சுரங்கத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் சென்ற தாயர்க்குப் பேறுகாலத்தில் சில வாரங்கள் ஓய்வும், அவ்வோய்வின்போது உணவுக்கு ஒரு வழியும் கிடைக்கச் செய்வதற்கு இந்நாட்டில் நெடுங்காலம் வாதாட வேண்டியிருந்தது. அவ்வரலாற்றின் முதல் அத்தியாயம், நாம் குடியேறி வாழும் இம்மும்பை மாநகரிலேயே எழுதப்பட்டது என்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. பரேலிலும் லால்பாகிலும் எஞ்சி நிற்கும் ஆலைப் புகைபோக்கிகளை நாள்தோறும் கண்டு செல்லும் நாம், அவற்றின் அடியில் நிகழ்ந்த இப்போராட்டத்தையும் அறிந்திருத்தல் நன்று.

ஆலைச் சங்கின் அழைப்பு

1850-களில் இந்நகரில் பஞ்சாலைத் தொழில் தோன்றியது. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளில் ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக நிறைந்தன. 1920-களில் இங்குள்ள பஞ்சாலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் பெண்கள். அவர்களுட் பெரும்பாலோர் நூல் சுற்றும் பகுதிகளில் பணி புரிந்தனர். செய்த வேலையின் அளவுக்கே கூலி. வாராத நாளுக்குக் கூலி இல்லை. ஆகவே, கருவுற்ற பெண் நிறைமாதம் வரையில் ஆலையில் நின்றாள். குழந்தை பிறந்து சில வாரங்களிலேயே, உடல் தேறுமுன், மீண்டும் ஆலைச் சங்கின் அழைப்புக்குச் செவி சாய்த்தாள்.

கைக்குழந்தையை யாரிடம் விட்டுச் செல்வது? குழந்தைக் காப்பகம் இருந்த ஆலைகள் மிகச் சில. பசியாலும் தனிமையாலும் குழந்தை அழாதிருக்கும்பொருட்டு, அபின் கலந்த சிறு உருண்டையொன்றைப் புகட்டி உறங்க வைத்துச் செல்லும் கொடிய வழக்கம் பரவியிருந்தது. 'பாலகோலி' என்பது அவ்வுருண்டைக்கு வழங்கிய பெயர். அத்தாயரை இரக்கமற்றவர் என்று எண்ணிவிடலாகாது. கூலியை இழந்தால் வீடு பட்டினி. கூலிக்குச் சென்றால் குழந்தைக்கு அபின். இவ்விரண்டுக்கு இடையே அவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் இல்லை.

உலக அரங்கிலிருந்து பம்பாய்க்கு

முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு முதன்முதலாகக் கூடியது. தாய்மைப் பாதுகாப்புக்கென அங்கு ஓர் உடன்படிக்கை நிறைவேறிற்று. பேற்றுக்குப்பின் ஆறு வாரங்கள் பெண்ணை வேலைக்கு வைத்தல் கூடாது. பேற்றுக்கு முன்னும் ஆறு வாரங்கள் அவள் விலகியிருக்கலாம். அக்காலத்தில் அவளும் குழந்தையும் நலமுடன் வாழப் போதிய தொகை வழங்கப்பட வேண்டும் என அது விதித்தது. அத்தொகை அரசாங்கத்தின் பொது நிதியிலிருந்தோ காப்பீட்டு முறையிலோ வர வேண்டும் என்றும் அது குறித்தது. இந்நுட்பத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பிற்கால வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே சுழல்கிறது.

இந்தியா அவ்வுடன்படிக்கையை ஏற்கவில்லை. ஆயினும் அதன் எதிரொலி இங்கும் கேட்டது. 1922-இல் பார்னஸ் என்னும் பெண் மருத்துவர் பம்பாய் ஆலைப் பெண்களின் நிலையை நேரில் ஆராய்ந்து எழுதிய அறிக்கை வெளிவந்தது. சால்களின் நெருக்கடியும் அபின் வழக்கமும் அதன் வழியே கற்றோர் கவனத்துக்கு வந்தன. தொழிலாளர் தலைவரும் சமூகத் தொண்டருமான என். எம். ஜோஷி 1924-இல் மத்திய சட்டசபையில் பேறுகால உதவி மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். ஆலைகளோடு சுரங்கங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் அது தழுவியது. மறு ஆண்டே அம்மசோதா தோல்வியுற்றது. இந்தியா முழுமைக்கும் ஒரே சட்டம் என்னும் அம்முயற்சி நிறைவேற மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது.

எட்டணாச் சட்டம்

மத்தியில் மூடிய கதவு மாகாணத்தில் திறந்தது. பம்பாய்ச் சட்டசபையில் ஆர். எஸ். அசாவலே என்னும் உறுப்பினர் கொணர்ந்த மசோதா 1928-ஆம் ஆண்டு விவாதத்துக்கு வந்தது. ஒரு மாகாணத்துத் தொழில்மீது மட்டும் இச்சுமையை ஏற்றினால் பிற மாகாணங்களோடு போட்டியிட இயலாது என்று எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் எழுந்து பேசிய டாக்டர் அம்பேத்கர் மசோதாவை ஆதரித்தார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்பதும், ஆகவே அச்செலவில் பெரும்பகுதியை அரசாங்கம் ஏற்பதே முறை என்பதும், பெண்களை வேலைக்கு அமர்த்துவதால் ஊதியம் பெறும் முதலாளியும் அதில் ஒரு பங்கைச் சுமப்பது நியாயம் என்பதும் அவர் வாதத்தின் சாரம்.

1929-இல் மசோதா சட்டமாயிற்று. ஆலைப் பெண்ணுக்குப் பேற்றை ஒட்டிய சில வாரங்களுக்கு நாள் ஒன்றுக்கு எட்டணா வீதம் உதவித்தொகை தரும் கடமை முதலாளிக்கு ஏற்பட்டது. இந்நாளில் எட்டணா என்றால் இளைஞர் நகைப்பர். அந்நாளில் ஓர் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை அணையாது காத்த தொகை அது. தொகையினும் பெரியது அதன் பொருள்: பேறுகாலத்தில் தாய் ஓய்ந்திருத்தல் முதலாளியின் தயவன்று, அவளுக்குரிய உரிமை எனச் சட்டம் முதன்முறையாக ஒப்புக்கொண்டது. மத்திய மாகாணம் 1930-இலும், நம் சென்னை மாகாணம் 1934-இலும், வங்காளம் 1939-இலும் இவ்வழியைப் பின்பற்றின. சுரங்கப் பெண்களுக்கென மத்திய அரசாங்கம் 1941-இல் தனிச் சட்டம் செய்தது. 1943-இல் அதனைத் திருத்தும் மசோதாவைக் கொணர்ந்தவர், அப்போது வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த அம்பேத்கரே என்பது குறிப்பிடத்தக்கது.

சுமை யாருடையது?

சட்டம் வந்தது, உடனே சட்டத்தின் நிழலும் வந்தது. உதவித்தொகை முழுவதையும் அந்தந்த முதலாளியே தனியாகக் கொடுக்க வேண்டுமெனில், மணமான இளம்பெண்ணை வேலைக்கு வைப்பதே நஷ்டம் என்று கணக்கிடும் முதலாளியும் இருப்பார் அல்லவா? கருவுற்றது தெரிந்ததும் நீக்கிவிடுதல், தொடர்ந்து பணி புரிந்த காலம் நிறைவதற்குள் இடைவெளி உண்டாக்குதல் முதலிய தந்திரங்கள் தோன்றின. பம்பாய் ஆலைகளில் பெண்களின் பங்கு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 1960-களில் பத்தில் ஒன்றுக்கும் கீழே சென்றது. புதிய இயந்திரங்கள், இரவு வேலையில் பெண்களுக்கிருந்த தடை, நூல் சுற்றும் பகுதிகளின் மாற்றம் எனக் காரணங்கள் பல உண்டு. பேறுகாலச் செலவை முதலாளியின் தனிக்கணக்கில் எழுதியதும் அவற்றுள் ஒன்று. காக்க வந்த வேலியே பயிரை நெருக்கியது போலாயிற்று. வாஷிங்டன் உடன்படிக்கை பொது நிதியையும் காப்பீட்டையும் ஏன் வற்புறுத்தியது என்பது இங்கே விளங்கும்.

சுதந்திர இந்தியா இப்பாடத்தை ஓரளவு கற்றது. 1948-இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. 1952-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் கான்பூரில் பிரதமர் நேரு அத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மக்கள் நாவில் இ.எஸ்.ஐ. என வழங்குவது இதுவே. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் சந்தா பொது நிதியாகத் திரள்கிறது. பேறுகால உதவி அந்நிதியிலிருந்து வருகிறது. ஆகவே, ஒரு பெண் கருவுற்றாள் என்பதால் அவளுடைய முதலாளிக்குத் தனிச்செலவு ஏதுமில்லை. எளிய ஏற்பாடே எனினும், பெண்ணின் வேலையைக் காக்க இதனினும் நல்ல அரண் இல்லை.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனம் தன் 42-ஆம் விதியில் பேறுகால நிவாரணத்துக்கு வகை செய்தல் அரசின் கடமை என்றது. அதன் வழியே, ஜோஷி கண்ட கனவு 1961-ஆம் ஆண்டின் பேறுகால உதவிச் சட்டமாக நனவாயிற்று. பன்னிரண்டு வாரச் சம்பளம், விடுப்பிலிருக்கும்போது வேலையிலிருந்து நீக்கத் தடை, குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாள்தோறும் இரு இடைவேளைகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. உரிமை பெறுவதற்கு முதலில் 160 நாள் பணி தேவைப்பட்டது. 1988-இல் அது 80 நாளாகக் குறைந்தது. 2017-இல் முதல் இரு குழந்தைகளுக்கு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவற்றைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. எனினும், இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ள நிறுவனங்களில் 26 வாரச் சம்பளமும் முதலாளியின் தனிச்சுமையாகவே வைக்கப்பட்டது. 1929-இல் எழுந்த வினா இன்னும் முழுமையாக விடை பெறவில்லை.

சட்டத்துக்கு வெளியே நிற்போர்

இவ்வளவும் நிறுவனம் என்னும் கூரைக்குள் இருப்போரின் கதை. இந்நாட்டில் உழைக்கும் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் அக்கூரைக்கு வெளியே நிற்கின்றனர். வயலில் நாற்று நடுபவள், செங்கல் சுமப்பவள், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுபவள், பிறர் இல்லத்தில் பாத்திரம் துலக்குபவள் ஆகியோருக்கு முதலாளி யார், வருகைப் பதிவேடு எங்கே?

இவர்களையும் அணைத்துக்கொள்ள முயற்சிகள் நடந்துள்ளன. 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்ணுக்கும் பேறுகால உரிமையை நீட்டியது. 1987-இல் தமிழ்நாட்டில் ஏழைத் தாயர்க்கு முந்நூறு ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கியது. எந்த முதலாளியையும் சாராது, பொது நிதியிலிருந்தே வழங்குதல் அதன் சிறப்பு. சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் தாங்கிய அத்திட்டத்தின் உதவித்தொகை, 2006-இல் ஆறாயிரமாகவும், 2011-இல் பன்னீராயிரமாகவும், 2018-இல் பதினெட்டாயிரமாகவும் உயர்ந்தது. கட்டடத் தொழிலாளர்க்கென 1996-இல் இயன்ற மத்தியச் சட்டம், நல வாரியத்தின் வழியே பேறுகால உதவிக்கு இடம் தந்தது.

டில்லியில் நிகழ்ந்த ஒரு வழக்கும் இங்கே சொல்லத்தக்கது. மாநகராட்சியின் சாலைப் பணிகளில் தினக்கூலிகளாக ஆண்டுக்கணக்கில் உழைத்த பெண்களுக்கு, அவர்கள் நிரந்தர ஊழியரல்லர் என்று கூறிப் பேறுகால விடுப்பு மறுக்கப்பட்டது. வழக்கு தொழில் தீர்ப்பாயத்தையும் உயர் நீதிமன்றத்தையும் கடந்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம், தினக்கூலிப் பெண்ணுக்கும் இவ்வுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல் உடைக்கும் பெண்ணின் பேறுகாலம் அலுவலகப் பெண்ணின் பேறுகாலத்தினின்று வேறுபட்டதன்று என்பதை நாட்டின் தலைமை நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது.

2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்கு ஆறாயிரம் ரூபாய்க்குக் குறையாத உதவியை உரிமையாக்கியது. ஆனால், 2017-இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திட்டம் முதல் குழந்தைக்கு மட்டும் ஐயாயிரம் ரூபாய் எனத் தொடங்கியது. அதைப் பெறவும் ஆதார் அட்டை, வங்கிக் கணக்கு, தாய்சேய் நல அட்டை எனப் பல சான்றுகள் வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த பெண்ணின் சான்றுகள் ஓரூரிலும் அவள் உடல் வேறோர் ஊரிலும் இருப்பதுண்டு. உரிமை ஏட்டில் இருக்கிறது. அவ்வேட்டுக்கும் அவளுக்கும் இடையே மனுத்தாள்களும் வரிசைகளும் மொழியும் நிற்கின்றன. புதிய ஊரில் ரேஷன் அட்டைக்கு அலைந்த அனுபவம் உடைய நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நம் வாயிலில் நிற்பவள்

இவ்வரலாற்றைக் கற்றுப் பெருமூச்சு விடுவதோடு நாம் நின்றுவிடலாகாது. நம் காலனியில் காலையில் வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் ஒருத்தி கருவுற்றால் நிகழ்வது என்ன? ஏழாம் மாதத்தில் அவள் நின்றுவிடுகிறாள். மறு வாரம் வேறொருத்தி வருகிறாள். பழையவள் குழந்தையோடு திரும்பும்போது அவளுக்கு வேலை இல்லை. 1920-களில் ஆலை முதலாளிகள்மீது சாட்டப்பட்ட குற்றம், நம்மை அறியாமலே நம் சமையலறை வாயிலில் நிகழ்கிறது.

2008-இல் மகாராஷ்டிர அரசு வீட்டு வேலைத் தொழிலாளர் நலனுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பதிவு பெற்றவர்க்குப் பேறுகால உதவியும் அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும், பதிவு என்னும் முதற்படியை ஏறுவதற்கே துணை தேவை. ஆண்டுதோறும் இசையரங்கும் நாடகமும் நடத்தும் நம் சங்கம், ஆண்டில் இரு நாள்களை இதற்கென ஒதுக்குதல் அரிதன்று. எழுதப் படிக்கத் தெரிந்த நம் மகளிர் மனுத்தாள்களை நிரப்பித் தரலாம். அலுவலக அனுபவமுள்ள ஓய்வு பெற்ற பெரியோர், சான்றுகளை எங்கே பெறுவது என வழிகாட்டலாம். பேறுகாலத்தில் மூன்று மாதச் சம்பளமும் திரும்பி வந்ததும் அதே வேலையும் தருவதென ஒவ்வொரு கட்டடத்தாரும் கூடி முடிவு செய்யலாம். நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு அவ்வீட்டார் அனைவரும் பங்கிட்டுக் கொடுத்தால் எவருக்கும் அது பெருஞ்சுமையாகாது. பொது நிதி என்னும் தத்துவம் அதுவே. காப்பீட்டுச் சட்டத்தின் உயிரும் அதுவே.

1929-இல் இந்நகரம் எட்டணாவைக் கொண்டு இந்தியாவுக்கே வழிகாட்டியது. அந்நகரில் வாழ்ந்து வளம் பெற்ற நாம் அதற்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டு. அக்கடனை நம் வீட்டு வாயிலில் நிற்கும் அன்னையரிடமிருந்தே செலுத்தத் தொடங்குவோமாக.