மலையனூர்ப் பம்பையும் செஞ்சிக் கூத்தும்

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பங்களுள், ஆண்டுக்கு ஒரு முறையேனும் மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி சந்நிதியை மிதியாதவை மிகச் சிலவேயாகும். பிள்ளைக்கு முடியிறக்கவும், பெண்ணுக்கு மாலை பூட்டுமுன் அம்மனிடம் உத்தரவு கேட்கவும் நம் முன்னோர் கட்டுச்சோற்றுடன் வண்டி பூட்டிச் சென்ற வழி அது. இப்பொழுது நாம் சென்னையினின்றும் பேருந்தேறிச் செல்கின்றோம். அமாவாசை நள்ளிரவில் ஊஞ்சல் உற்சவம் கண்டு, விடியுமுன் திரும்புகின்றோம். அங்ஙனம் சென்று வந்தோரை நோக்கி, ஆங்குக் கேட்ட வாத்தியம் யாது, பாடினோர் யாவர் என வினவின், விடை கூறுவார் அரியர். இக்குறையை ஒருவாறு நீக்கவேண்டி, மலையனூர்ப் பம்பையையும் அதனை அடுத்த செஞ்சி நாட்டுக் கூத்தையும் பற்றி நாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். தலபுராணம் கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் அதனைச் சிறிது தொடாமல் பம்பையின் பெருமை விளங்காது.

விழுப்புரம் ஜில்லாவில், செஞ்சிக்கு வடமேற்கே, வளத்தி வழியாகச் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது இவ்வூர். பிரமனது ஐந்தாந் தலையைக் கொய்த சிவபெருமானது கையில் அக்கபாலம் ஒட்டிக்கொள்ள, அவர் பித்தராய்ச் சுடலைதோறும் அலைந்து, இடும் பிச்சையெல்லாம் கபாலமே உண்டுவிடப் பசித்து நின்றார் என்பதும், மலையனூர் மயானத்தில் அன்னை அங்காளியாய் நின்று சோற்றை வாரிச் சூறையிட, அதனை உண்ணும் ஆசையால் கபாலம் கையை விட்டு இறங்க, அன்னை அதனைக் காலால் மிதித்தடக்கினாள் என்பதும் கதை. மாசி மாதத்தில் மகாசிவராத்திரிக்கு மறுநாள் நிகழும் மயானக் கொள்ளை இக்கதையின் நடிப்பேயாம். தானியமும் காய்கறியும் காசும் சுடலையில் வாரி இறைக்கப்படும். அன்று அம்மன் வேடம் புனைந்து, முகத்தில் வண்ணம் எழுதி, கையிற் சூலமேந்தி ஆடிவருவோரைக் கண்டவர், இதனை வெறும் வழிபாடென்று கூறித் தள்ளிவிட மாட்டார். ஆடரங்கும் வழிபாடும் பிரியாது நின்ற காலத்து எச்சம் இது. ஐந்தாம் நாள் தீமிதியும், ஏழாம் நாள் தேரும் நிகழும்.

இவ்வூரில் பூசை புரியும் உரிமை பர்வதராஜ குலத்தாராகிய மீனவ மரபினர்க்கு உரியது. வேதியர் அல்லாதார் கையில் இத்துணைப் பெரிய கோயில் ஒன்று வழிவழி நின்று வருவது சிந்திக்கத்தக்கது. 1909ஆம் ஆண்டில் எட்கார் தர்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகளைப் பற்றிய பெருநூலிலும் மலையனூர்ச் செம்படவரின் பூசாரித் தொழில் குறிக்கப்பெற்றுள்ளது. ஐரோப்பிய மாதொருவர், எவெலின் மேயர் என்பார், அங்காளபரமேசுவரியின் கதைகளையும் வழிபாட்டையும் மட்டுமே பொருளாகக் கொண்டு 1986ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நம் குலதெய்வத்தைப் பற்றிப் பிறநாட்டார் நூல் செய்ய, நாம் ஊஞ்சல் பார்த்துப் பேருந்து பிடிக்கும் அவசரத்தில் இருக்கின்றோம்.

நிற்க. பம்பையாவது யாது? ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய இரண்டு உருளை முழவுகளே பம்பை. ஒன்று மரத்தாலாயது, மற்றொன்று வெண்கலத்தாலாயது. மரத்தாலாயதை வீருவனம் என்றும், மற்றதை வெண்கலப் பம்பை என்றும் தொழிலாளர் வழங்குவர். இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டன் முகங்களிலும் மாறி மாறி அடிப்பர். மரத்தின் ஒலி தழைந்தும், உலோகத்தின் ஒலி கணீரென்றும் எழுவதால், ஒருவரே அடிப்பினும் இருவர் உரையாடுவதுபோலத் தோன்றும். உடன் நிற்பன உடுக்கையும் கைச்சிலம்பும். உடுக்கையை இடக்கையிற் பற்றி, அதன் இடையிலுள்ள கயிறுகளை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியை ஏற்றி இறக்குவர். அழுகையும் அதட்டலும் அந்தச் சிறு தோற்கருவியில் பிறக்கக் கேட்டிருக்கின்றோம். சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் தோற்கருவிகளை எண்ணுமிடத்தில் உடுக்கையையும் எண்ணியுள்ளார். ஆதலின், இது நாகரிகமற்றோர் கைக்கருவி என்று முகஞ்சுளிக்கும் பட்டணத்து இளைஞர் சற்றே அந்த உரையைப் புரட்டுவாராக.

இக்கருவிகளோடு பாடப்பெறுவது வர்ணிப்பு. அம்மனது பிறப்பு, அலங்காரம், கோபம், இரக்கம் ஆகியவற்றை அடிமுதல் முடிவரை வர்ணித்து, அவளை வந்திறங்குமாறு அழைப்பதே இப்பாட்டின் தொழில். இதற்கு ஏடு இல்லை. இருப்பினும் சிலர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பர். தந்தை பாட மகன் பின்பாட்டுப் பாடிப் பாடமாக்குவதே முறை. கேட்போர் முகத்தையும் நேரத்தையும் பார்த்து நீட்டவும் குறுக்கவும் வல்லவனே தேர்ந்த பம்பைக்காரன். சபையில் அமர்ந்து தாளம் போட்டுக் கேட்கும் சங்கீதத்திற்குரிய கற்பனைத் திறம் இதில் இல்லையென்று கூறுவோர், இராமுழுதும் ஒரு வர்ணிப்பைக் கேட்டறியாதவர் என்றே துணிகின்றோம்.

இனிச் செஞ்சிக்கு வருவோம். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் வளைத்த இக்கோட்டை நாயக்கர், பீஜப்பூரார், மராட்டியர், மொகலாயர், பிரஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கை மாறியது. 1677இல் சிவாஜி இதனைக் கைக்கொண்டார். அவர் மகன் இராஜாராம் இங்கிருந்து அரசு செலுத்த, 1690இல் தொடங்கிய மொகலாயர் முற்றுகை 1698ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் வெற்றி பெற்றது. 1750இல் பிரஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தான். 1761இல் ஆங்கிலேயர் பெற்றனர். 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனை உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ ஏற்றபோது, மகாராஷ்டிரத்திற்கு வெளியே அவ்வரிசையில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே.

ஆயினும் இத்தனை அரசருள் தமிழ்மக்கள் நெஞ்சில் நின்றவன் எவன் என்பீரேல், ஓராண்டும் நிரம்ப ஆளாத ஓர் இளைஞனே. புந்தேல இராஜபுத்திரராகிய சுவரூப்சிங்கின் மகன் தேஜ்சிங், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குக் கப்பம் கட்ட மறுத்துப் பொருது, 1714ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 3ஆம் தேதி மாண்டான். சரித்திரத்தில் இது ஒரு பாக்கித் தொகையைப் பற்றிய சிறு சண்டை. கதைப்பாட்டிலோ அவன் தேசிங்குராஜன் ஆனான். அவன் குதிரைக்கும் பாராசாரி என்னும் பெயர் நிலைத்தது. அவனினும் ஒருபடி மேலாக நம் மக்கள் போற்றியது, மணப்பந்தலை விட்டெழுந்து நண்பனுக்காகப் போர்க்களம் புக்க மோவுத்துக்காரன் என்னும் முகம்மதிய வீரனையே. பெரிய எழுத்துப் புத்தகங்களாகச் சந்தையில் விற்றும், தெருவில் ஆடியும், பின்னர் 1960இல் திரைப்படமாகியும் இக்கதை பரவிற்று. பேராசிரியர் சி.எஸ். ஸ்ரீநிவாசாசாரியார் 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வாயிலாகச் செஞ்சிச் சரித்திரம் எழுதினார். அந்நூலைக் கற்றவர் நூற்றுவர் எனின், பாட்டைக் கேட்டவர் பல்லாயிரவர். பட்டயம் இல்லாதவனுக்குப் பாட்டே பட்டயமாயிற்று.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள மேலச்சேரியே திரௌபதியம்மன் வழிபாட்டின் ஆதி ஸ்தலம் என்பர். பாரதப்போர் முடிந்தபின், செஞ்சி அரசனுக்கு இடர் செய்த நூறு தலை அசுரனை அழிக்கத் திரௌபதி மீண்டும் இங்கே தோன்றினாள் என்பது இந்நாட்டார் வழக்கு. அம்மன் கோயிலில் காவல் நிற்பவர் இருவர்: போத்துராஜா ஒருவர், முத்தால் ராவுத்தர் மற்றொருவர். தேசிங்கின் பாட்டிலும், திரௌபதியின் கோயிலிலும் ஒரு முகம்மதியர் துணை நிற்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்ளுதல் நலம். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் இவ்வழிபாட்டை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட நூலின் பெயரிலேயே செஞ்சியைக் குருக்ஷேத்திரத்தோடு இணைத்தார்.

இந்நாட்டுத் திரௌபதி கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும், இரவில் கூத்தும் பல நாள் நடைபெறும். கட்டை என வழங்கும் மர அணிகளைத் தோளிலும் மார்பிலும் முடியிலும் பூண்டு, முகவீணையும் மத்தளமும் ஆர்மோனியமும் முழங்க, இரவு பத்து மணிக்குத் தொடங்கிப் பொழுது புலரும் வரை ஆடுவர். அருச்சுனன் தபசில் உயர்ந்த மரத்தின்மேல் ஏறிப் பாடுவான். இறுதி நாளில் மண்ணால் துரியோதனனைப் பேருருவாய்ப் படுக்கவைத்து, படுகளம் முடித்துத் தீமிதிப்பர். கடல் கடந்து கூலிக்குச் சென்ற நம்மவர் இவ்வழக்கத்தை மூட்டையோடு கொண்டு போயினர். சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்து வருகின்றது. இலங்கையில் உடப்பூரில் திரௌபதியம்மன் விழா பெருஞ்சிறப்புடையது. ரெயூனியன் தீவிலும் தெருக்கூத்தின் வழித்தோன்றல் ஒன்று ஆடப்பெற்று வந்தது.

இனிப் பட்டணத்து வரலாறு. வேலூரில் பாலாற்று மணலிலும், சென்னையில் அங்காளம்மன் கோயிலுள்ள பேட்டைகளிலும் மாசியில் மயானக் கொள்ளை நடப்பது, மலையனூரை விட்டு வந்தோர் மலையனூரைத் தம்முடன் கொண்டுவந்ததற்குச் சான்று. ஆனால் நெடுங்காலம் பட்டணத்துக் கற்றோர் இதனைப் போக்குவரத்துக்கு இடையூறாகக் கண்டனரேயன்றிக் கலையாகக் கண்டிலர். 1977இல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் தம் நடிகர்களைப் பயிலச் செய்தபோதுதான் மதில் சற்றே விரிந்தது. 1990இல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் தோன்றியது. 2007இல் சென்னைச் சங்கமம் பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டார் கலைகளை ஏற்றியது. இடையில் நின்று, 2023இல் அரசால் மீண்டும் தொடங்கப்பெற்றது. 2015இல் டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் பிறரும் சேர்ந்து, பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் தெருவிலேயே விழா எடுத்தனர். அங்கே கர்நாடக சங்கீதமும் பறையும் கூத்தும் ஒரே மேடையில் ஏறின. சபைக்குச் செல்லாதவனைச் சபைக்கு அழைப்பதினும், சபையையே தெருவிற்கு இறக்குவது அரிது. அதனை அவர்கள் செய்தார்கள். ஆயினும் நாம் ஒன்று கூறவேண்டும். மேடையில் பதினைந்து நிமிஷம் ஆடிக் கைதட்டல் பெறும் கூத்து வேறு. விடியும்வரை ஊரார் சாணம் மெழுகிய தரையில் அமர்ந்து காணும் கூத்து வேறு. முன்னதால் கலைஞனுக்குக் கூலி கிடைக்கின்றது, அது வேண்டுவதே; பின்னதில்தான் அக்கலை வளர்ந்தது.

இனி நம் வீட்டுக் குறையைக் கூறாது விடுதல் நேர்மையன்று. திருமணத்திற்கு முன் பூவாடைக்காரியை அழைக்கும் சடங்கு நம் இல்லங்களில் உண்டு. நம் குலத்தில் மறைந்த பெண்ணை நீர்க்கரையினின்றும் கரகத்தில் அழைத்து வந்து, புதுப்புடவை சாத்தி வணங்குவது அது. பம்பை இல்லாமல் அச்சடங்கு இல்லை. ஆனால் பம்பைக்காரருக்கு நாம் இலை போட்ட இடம் எது? கொல்லைப்புறம். கூலி கொடுத்த விதம் எது? கையில் படாமல் தாம்பாளத்தில் இட்டது. இப்பொழுதோ சடங்கையே சுருக்கி, ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈசுவரி பாடிய பாட்டை வைத்துவிடுகின்றோம். அப்பாடல்களை நாம் பழிக்கவில்லை. அவற்றிலும் உடுக்கையும் பம்பையும் உயிர் கொடுத்து நிற்கின்றன. பாடும் மனிதனைச் சோறிட வேண்டுமே என்று தவிர்ப்பதைத்தான் கூறுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் உறவினர் இல்லமொன்றில் இவ்வழைப்பு நடந்தது. இளைஞர் முயற்சியால், பம்பைக்காரர் நால்வருக்கும் கூடத்தில் எல்லோருடனும் முதற்பந்தியில் இலை போடப்பட்டது. முதியோர் இருவர் முகஞ்சுளித்து எழுந்து திண்ணைக்குச் சென்றனர். தலைமைப் பம்பைக்காரரோ, வயிறு நிறைந்தால் குரல் ஏறாது என்று சொல்லி, மோர் மட்டும் வாங்கி அருந்தினார். நள்ளிரவில் வர்ணிப்பு முடிந்து, குலத்தோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழைக்கும் கட்டம் வந்தது. பெயர் கூறுமாறு அவர் வீட்டாரைக் கேட்டார். தகப்பன் பெயரும், பாட்டன் பெயரும் சொல்லப்பட்டன. அதற்கு மேல் கூடத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பூவாடைக்காரியாய் நிற்கும் அப்பெண்ணின் பெயரும் தெரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பம்பைக்காரர் சற்று நின்றார். பின், அவ்வீட்டில் அறுபது ஆண்டுகளுக்கு முன் தம் தந்தை பாடியபோது தாம் சிறுவனாய்ச் சிலம்பு குலுக்கியதாகக் கூறி, உடுக்கையை எடுத்து, முப்பாட்டன் பெயரையும், அவன் தங்கையாய்க் கன்னியாகவே மறைந்த அப்பெண்ணின் பெயரையும் தாமே சொல்லி அழைத்தார். திண்ணையில் இருந்த முதியோர் இருவரும் எழுந்து உள்ளே வந்து நின்றனர்.