போர் முடிந்த பிறகு வேலை எங்கே? - ஜி.ஐ. சட்டத்தின் கதை

1932ஆம் ஆண்டு கோடைக்காலம். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்று நிலத்தில் பழைய தகரத்தாலும் பலகையாலும் குடிசைகள் முளைத்தன. அங்கே தங்கியவர்கள் முதலாம் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய முன்னாள் ராணுவ வீரர்கள். பலர் மனைவி, குழந்தைகளையும் கூட்டி வந்திருந்தார்கள்.

அவர்கள் கேட்டது பிச்சை அல்ல. உள்நாட்டில் பணியாற்றிய நாளுக்கு 1 டாலர், கடல் கடந்து பணியாற்றிய நாளுக்கு 1.25 டாலர் என்று 1924லேயே சட்டம் போட்டுத் தருவதாகச் சொன்ன போனஸ் அது. ஆனால் பெரும்பாலோருக்கு அந்தப் பணம் 1945ல்தான் கைக்கு வரும்! இடையில் 1929ல் பொருளாதாரம் சரிந்தது. வேலை போனது. பசிக்கிற வயிறு 13 ஆண்டு காத்திருக்குமா?

1932 ஜூலை 28 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு முன்னாள் வீரர்கள் பலியானார்கள். அன்றே தளபதி மெக்ஆர்தர் தலைமையில் ராணுவம் குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகை சகிதம் இறங்கியது. குடிசைகள் தீயில் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்களை நாட்டின் ராணுவமே விரட்டிய அந்தக் காட்சியை அமெரிக்கா மறக்கவில்லை. 1936ல், அதிபர் ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறி, நாடாளுமன்றம் போனஸைக் கொடுக்க வைத்தது.

பயத்தில் பிறந்த சட்டம்

இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் சேர்ந்த அமெரிக்கர்கள் சுமார் 1 கோடியே 60 லட்சம் பேர். போர் முடிந்தால் ஆயுதத் தொழிற்சாலைகள் மூடப்படும். அதே நேரத்தில் இத்தனை பேரும் வேலை தேடி ஊர் திரும்புவார்கள். 1932 மீண்டும் வந்தால்? இந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது.

அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் வீரர் சங்கத்தின் ஹாரி கோல்மெரி, வாஷிங்டனில் உள்ள மேஃப்ளவர் ஹோட்டலின் தாள்களில் ஒரு சட்ட வரைவைக் கையால் எழுதினார். அதுதான் பிறகு ஜி.ஐ. சட்டம் ஆனது. 'ஜி.ஐ.' என்பது அமெரிக்கச் சிப்பாய்க்கு மக்கள் வைத்த பெயர்.

சட்டம் எளிதாக நிறைவேறவில்லை. வேலையில்லாத வீரருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரை உதவித்தொகை என்ற பிரிவை மிசிசிப்பியின் ஜான் ரேங்கின் எதிர்த்தார். அந்தப் பணம் கைக்கு வந்தால் கறுப்பின வீரர்கள் குறைந்த கூலி வேலைக்கு வர மாட்டார்கள் என்பது அவர் கவலை. இரு அவைகளின் கூட்டுக் குழுவில் இழுபறி. கடைசியில் ஜார்ஜியாவில் உடல்நலமில்லாமல் இருந்த உறுப்பினர் ஜான் கிப்சனை இரவோடு இரவாக விமானத்தில் கொண்டுவந்து வாக்களிக்க வைத்தார்கள். 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார்.

பட்டறையும் பள்ளியும்

ஜி.ஐ. சட்டம் என்றதும் பலருக்கும் கல்லூரிதான் நினைவுக்கு வரும். உண்மையில் 1956 வரை இதில் பயன்பெற்ற சுமார் 78 லட்சம் பேரில் கல்லூரிக்குப் போனவர்கள் 22 லட்சம். மீதி 56 லட்சம் பேர் படித்தது தொழிற்பள்ளிகளிலும், பட்டறைகளிலும், பண்ணைகளிலும். பட்டறையில் முதலாளி பயிற்சிக் கூலி கொடுப்பார், குடும்பச் செலவுக்கு அரசு மாத உதவித்தொகை கொடுக்கும். இப்படி வேலை செய்துகொண்டே தொழில் கற்றவர்கள் பல லட்சம் பேர்.

20 டாலர் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்றார்களே, அது நடந்ததா? ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. பெரும்பாலோர் வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டார்கள்.

மோசடியும் இல்லாமல் இல்லை. அரசுப் பணத்தைக் குறிவைத்து உருப்படியாக எதையும் சொல்லித்தராத தனியார் தொழிற்பள்ளிகள் பல முளைத்தன. அதனால்தான் 1952ல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டத்தில் பணம் பள்ளிக்கு நேராகப் போகாமல் வீரர் கையிலேயே கொடுக்கப்பட்டது.

ஒரே சட்டம், இரண்டு வரிசை

இந்தச் சட்டத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தியது யார்? உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகம், உள்ளூர் வங்கி, உள்ளூர் கல்லூரி. தெற்கு மாநிலங்களில் இவை எல்லாம் வெள்ளையர் கையில் இருந்தன.

மிசிசிப்பியில் 1946 அக்டோபர் வரை வேலைவாய்ப்பு அலுவலகம் வாங்கிக்கொடுத்த வேலைகளைப் பாருங்கள். திறன் தேவைப்படும் வேலைகளில் 86 சதவீதம் வெள்ளையருக்கு. திறன் தேவைப்படாத வேலைகளில் 92 சதவீதம் கறுப்பருக்கு. ராணுவத்தில் லாரி ஓட்டவும் இயந்திரம் பழுதுபார்க்கவும் கற்றவரும், கறுப்பராக இருந்தால் கூலி வேலைக்கே அனுப்பப்பட்டார். கடனும் இதே கதைதான். 1947ல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் இச்சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பருக்குக் கிடைத்தவை வெறும் 2. வெள்ளையர் கல்லூரிகளில் அவர்களுக்கு இடமில்லை. கறுப்பர் கல்லூரிகளிலோ வந்தவர்கள் எல்லோரையும் சேர்க்க இடம் போதவில்லை.

வெள்ளை வீரர் வீடு வாங்கினார், பிள்ளைகளுக்குச் சொத்து சேர்த்தார். அவரோடு போருக்குப் போன கறுப்பின வீரரின் பிள்ளைகளுக்கு அந்தத் தொடக்கம் கிடைக்கவில்லை.

இன்றும் அமெரிக்காவில் இந்தச் சட்டத்தின் வாரிசுகள் இருக்கின்றன. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பணியாற்றியவர்களுக்கான சட்டம் 2008ல் வந்தது. உலகில் எங்கு முன்னாள் வீரர் நலத்திட்டம் பேசப்பட்டாலும் 1944 உதாரணமாகக் காட்டப்படுகிறது. காட்ட வேண்டியதுதான். ஆனால் வாஷிங்டனில் எழுதிய வாக்குறுதி ஒருவருக்குக் கிடைத்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது, அவர் ஊர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த குமாஸ்தாதான். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும்.