ஆமை சொன்ன பொய்

பிலிப்பீன்ஸ் நாட்டில் ஜூலை மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமை தேசியக் குழந்தைகள் புத்தக நாள். லண்டனில் வெளிவந்த ட்ரூப்னர் இதழில் 1889 ஜூலையில் ஹொசே ரிஸால் எழுதிய ஒரு நாட்டுப்புறக் கதையை முன்னிட்டு இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆற்றில் மிதந்து வந்த வாழைமரத்தைக் குரங்கும் ஆமையும் கண்டெடுத்துப் பாதிப்பாதியாகப் பங்கு போடுகின்றன. இலையின் பசுமையில் மயங்கிய குரங்கு மேல்பாதியை எடுத்துக்கொள்கிறது. வேரோடு கூடிய அடிப்பாதி ஆமைக்கு. குரங்கின் பங்கு காய்ந்துபோகிறது, ஆமையின் பங்கு குலை தள்ளுகிறது. ஆமையால் மரமேற முடியாது. பறித்துத் தருவதாக ஏறிய குரங்கு ஒரு பழத்தைக்கூடக் கீழே போடாமல் தின்று தீர்க்கிறது. ஆமை மரத்தடியில் கூரான நத்தை ஓடுகளை நட்டுவிட்டு ஒளிந்துகொள்கிறது. காயம்பட்ட குரங்கு அதைப் பிடித்து, உரலில் இடிக்கவா, தண்ணீரில் எறியவா என்று மிரட்டுகிறது. தண்ணீரென்றால் பயம், உரலிலேயே இடித்துவிடு என்று ஆமை அழுகிறது. குரங்கு உடனே ஆற்றில் வீசுகிறது. ஆமை சிரித்துக்கொண்டே நீந்திப்போகிறது.

பிள்ளைகளுக்கு நீதி புகட்ட நினைக்கும் எந்தப் பெரியவருக்கும் இந்தக் கதை சங்கடம் தரும். பழிவாங்கியதும் பொய் சொன்னதும் ஆமை, வென்றதும் ஆமைதான். இப்படியொரு கதையின் பெயரால் ஒரு நாடு தன் குழந்தைகளுக்குப் புத்தக நாள் வைத்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்நாட்டில் இளையோருக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று நூல் செய்தவர்கள் ஒரு பக்கமும், இளையோர் உள்ளத்தில் தங்கிய படைப்புகள் பெரும்பாலும் வேறொரு பக்கமும் நின்றிருக்கின்றன. தங்கியவை எல்லாம், பலமுள்ளவனை எடைபோட்டுப் பார்க்க வாசகனை விட்டுவைத்த படைப்புகள். பாடத்தை எழுதியவர் கொடுத்ததைவிட, படித்தவர் எடுத்துக்கொண்டதே அங்கே வரலாறாகியது.

அச்சு அங்கே வந்ததே பாடம் சொல்லத்தான். 1593-இல் மணிலாவில் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட 'தொக்திரினா கிறிஸ்தியானா' ஸ்பானிய மொழியிலும் தகலோக் மொழியிலும் அமைந்த ஞானோபதேச நூல். தகலோக்கை ரோமன் எழுத்தோடு பழைய பைபாயின் எழுத்திலும் தந்தது. 1864-இல் மொதெஸ்தோ தெ காஸ்த்ரோ என்ற பாதிரியார் 'உர்பானா அத் ஃபெலிசா' எழுதினார். மணிலாவிலிருக்கும் அக்காளும் ஊரிலிருக்கும் தங்கையும் எழுதிக்கொள்ளும் கடிதங்கள் வழியே இளையோர் வீட்டிலும் கோயிலிலும் சபையிலும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் நூல் அது. அதன் தகலோக் உரைநடை நேர்த்தியானது. அந்த வகையில் அதற்குரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அடக்கமே அறம் என்பதற்கு அப்பால் அது போகவில்லை. புனித வாரத்தில் ஊர்தோறும் பாடப்படும் 'பசியோன்' என்னும் இயேசுவின் பாடுகளைப் பற்றிய காவியமும் பொறுமையைக் கற்பிக்கவே வளர்க்கப்பட்டது. அதே பாடலில்தான் ஏழை மக்கள் ஒடுக்குமுறையிலிருந்து மீட்சிக்கான மொழியைக் கண்டெடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர் ரெய்னால்தோ இலேத்தோ 1979-இல் வெளியான நூலில் வாதிட்டார். உழவர்கள் தம் மனத்தை எழுதிவைத்துவிட்டுப் போகவில்லையே, ஊகம் அதிகமில்லையா என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நியாயமானதே. ஆயினும் ரிஸாலின் இளமையைப் பொறுத்தவரை ஊகத்துக்கு வேலையில்லை, ஏனென்றால் அவரே எழுதியிருக்கிறார்.

சிறுவன் ரிஸாலுக்கு ஸ்பானிய வாசிப்புக் கற்றுத்தந்த தாய் தியோதோரா, ஓர் இரவு ஒரு சிறுவர் நூலிலிருந்து விட்டில்பூச்சிக் கதையைப் படித்துக் காட்டுகிறார். விளக்கருகே போகாதே என்ற தாய்ப்பூச்சியின் சொல்லைக் கேளாத குஞ்சு சுடரில் விழுந்து சாகிறது. கீழ்ப்படியாதவன் கதி இதுதான் என்பது கதை சொல்ல வந்த நீதி. சிறுவனின் கண்ணோ எதிரே எரிந்த எண்ணெய் விளக்கைச் சுற்றும் பூச்சிகள் மேல் இருந்தது. அந்த ஒளியின் அழகுக்காக உயிர் விடுவது அவ்வளவு தவறாக அவனுக்குப் படவில்லை என்று பின்னாளைய நினைவுக்குறிப்பில் தெரிகிறது. அந்தச் சிறுவன்தான் 1887-இல் பெர்லினில் 'நோலி மே தாங்கரே' நாவலையும், 1891-இல் கென்ட் நகரில் 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ'வையும் அச்சேற்றி, 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக்கொல்லப்பட்டான். 'நோலி'யில் ஒரு பள்ளி ஆசிரியர் வருகிறார். பிரம்பை எறிந்துவிட்டுப் பிள்ளைகளை அன்பால் படிக்கவைக்கிறார்; பிள்ளைகள் தேறுகிறார்கள். பாதிரியார் கண்டிக்கிறார், பெற்றோர்களும் அடித்தால்தான் படிப்பு வரும் என்கிறார்கள், ஆசிரியர் மறுபடி பிரம்பை எடுக்க நேர்கிறது. பள்ளி என்ற அமைப்பைப் பற்றி ஆசிய நாவல்களில் இதைவிடக் கூர்மையான பகுதியை நான் அறிந்ததில்லை.

ஏமாற்றை மெச்சும் கதைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்பது இங்கே எழும் முதல் மறுப்பு. மிந்தனாவோவின் மரனாவோ மக்கள் சொல்லும் பிலாண்டோக் என்னும் தந்திரக்காரனின் கதைகள் ஆமையையும் மிஞ்சியவை. கூண்டில் அடைத்துக் கடலில் எறியப்பட்ட பிலாண்டோக் பொன்னாபரணத்தோடு அரண்மனைக்குத் திரும்பி வந்து, கடலடியில் ஒரு ராஜ்ஜியம் இருக்கிறது என்கிறான். பேராசை பிடித்த சுல்தான் தானே கூண்டுக்குள் போய் உட்கார்ந்து மூழ்கிப்போகிறார். இது சூழ்ச்சிக்குப் பாராட்டு என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கதைகளில் பொய் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும்: உரலும் கூண்டும் யார் கையில் இருக்கின்றனவோ அவர்களை நோக்கியே அது போகிறது. அதற்கு மேலும் ஒன்று உண்டு. பிலாண்டோக்கைக் கொண்டாடிய அதே மரபு, ஓட்டப்பந்தயத்தில் ஒரு நத்தையிடம் அவன் தோற்கும் கதையையும் சொல்லிவைத்தது. தந்திரக்காரனும் தன்னைவிடச் சிறியதைக் கேலி செய்தால் தோற்பான் என்று குழந்தை தானே அறிந்துகொள்கிறது.

பிரான்சிஸ்கோ பலக்தாஸ் 1838-இல் வெளியிட்ட 'ஃப்ளோராந்தே அத் லாவ்ரா'வைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அல்பேனியாவில் நடப்பதாகச் சொல்லப்படும் காவியம். வரிக்குப் பன்னிரண்டு அசை, நான்கு வரிக் கண்ணிகள். காட்டில் மரத்தோடு கட்டப்பட்டுச் சிங்கங்களுக்கு இரையாகவிருந்த கிறிஸ்தவ வீரன் ஃப்ளோராந்தேவைக் காப்பாற்றுவது பாரசீக முஸ்லிம் இளவரசன் அலாதின். அக்காலத்து மேடை நாடகங்களில் முஸ்லிம் என்றால் தோற்க வேண்டிய பகைவன் என்பதை நினைத்தால் இந்தத் திருப்பத்தின் துணிவு விளங்கும். இருவரையும் கெடுத்தது வேற்று மதம் அன்று. ஒருவனுக்குப் பள்ளித்தோழன் அதோல்போவின் பொறாமை, மற்றவனுக்குப் பெற்ற தந்தையின் ஆசை. முடிவில் அலாதின் ஞானஸ்நானம் பெறுகிறானே என்று சிலர் சுட்டுவது சரிதான். காலத்தின் கட்டிலிருந்து பலக்தாஸ் முழுதாக விடுபடவில்லை. அல்பேனியாவைத் தாய்நாடாகப் படிப்பதும் பின்வந்தோர் ஏற்றிய பொருள் என்ற வாதம் உண்டு. அப்படியே இருந்தாலும், ஏற்றியவர்கள் யார் என்பது முக்கியம். அமெரிக்கர்களால் குவாம் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட விடுதலைப் போராட்டத் தலைவர் அப்போலினாரியோ மாபினி முழுக் காவியத்தையும் அங்கே நினைவிலிருந்தே எழுதிக் காட்டினார். இளமையில் நெஞ்சில் ஏறிய நூல்தான் அப்படி உடன் வரும்.

1956-இல் செனட்டர் கிளாரோ ரெக்தோ முன்னின்று கொண்டுவந்த 1425-ஆம் எண் சட்டம் ரிஸாலின் இரு நாவல்களையும் வெட்டாமல் கல்லூரிகளில் படிக்க வேண்டும் என்றது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. நாவல்களில் வரும் பாதிரியார்களின் சித்திரம் இளையோரின் விசுவாசத்தைக் குலைக்கும் என்று அஞ்சியது. சமய காரணத்துக்காக விலக்குக் கேட்கலாம் என்ற விதியைச் சேர்த்தபின் சட்டம் நிறைவேறியது. சட்டம் போட்டுப் படிக்கவைத்தால் கலகக்காரனின் நாவலும் தேர்வுக்கான குறிப்பேடாகிவிடும் என்பார்கள். இதை மறுக்க எனக்கு மனமில்லை. ஸ்பானிய மொழி அறியாத தலைமுறைகள் மொழிபெயர்ப்பிலும் சுருக்கத்திலும்தான் அவற்றைத் தொடுகின்றன. அதோடு, இலோகானோவோ செபுவானோவோ பேசும் பிள்ளைக்குப் பலக்தாஸின் பழைய தகலோக் பாதி அந்நியம். ஆனாலும் சட்டமில்லாமல் போயிருந்தால் வெட்டிய பதிப்புகளே பள்ளிகளுக்குள் நுழைந்திருக்கும். சலிப்போடு படித்தவனுக்கும் 'நோலி'யில் வரும் சீசாவின் பிள்ளைகள் பாசிலியோவும் கிறிஸ்பினும் படும் பாடு ஒரு நாள் நினைவுக்கு வர வாய்ப்பிருக்கிறது. படிக்காதவனுக்கு அதுவும் இல்லை.

நவீன எழுத்திலும் இந்தப் போக்கு தொடர்கிறது. அமெரிக்க ஆட்சியில் பள்ளிகள் ஆங்கிலமயமான காலத்தில், நாடகாசிரியர் செவெரினோ ரெயெஸ் 1925 முதல் 'லிவாய்வாய்' வார இதழில் லோலா பாஷாங் என்னும் பாட்டியின் பெயரால் தகலோக்கில் கதைகள் எழுதினார். வகுப்பறை கைவிட்ட மொழி குழந்தைகளுக்கு இதழ் வழியே வந்து சேர்ந்தது. லுவால்ஹாத்தி பவுதிஸ்தாவின் 'தெகாதா '70' ராணுவச் சட்டக் காலத்தை ஐந்து மகன்களைப் பெற்ற தாயின் குரலில் சொல்லியது. ராணுவச் சட்டத்தின்போது சிறையிலிருந்த தாயையும், அவள் செய்து தரும் காகிதப் பூக்களைச் சேர்க்கும் சிறுமியையும் பற்றியது ஆகி ரிவேராவின் 'இசாங் ஹார்திங் பாபெல்' என்ற படப்புத்தகம். அதை வெளியிட்ட அதார்னா ஹவுஸ் 2022 மே மாதத்தில் அந்தக் காலம் பற்றிய சிறுவர் நூல்களைத் தொகுப்பாக விற்றபோது, உளவுத்துறையின் உயரதிகாரி ஒருவர் அவை பிள்ளைகளைத் தீவிரவாதத்தின் பக்கம் இழுப்பவை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். படப்புத்தகத்தைக் கண்டு உளவுத்துறை கலங்குவது விந்தையாகத் தோன்றலாம். 1956-இல் ஆயர்கள் அஞ்சியதும் இதற்குத்தான்: சிறுவர்கள் படித்துவிட்டுத் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள் என்பதற்கு.